ட்யூப் ஆம்ப் இரைகிறது: சரி பார்ப்பதா, விற்றுவிட்டு மாடலர் வாங்குவதா?

ராத்திரி ரிஃப்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 60-களின் அமெரிக்க வடிவமைப்பை ஒட்டிச் செய்த ஒரு ட்யூப் காம்போ, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். 22 வாட், இரண்டு 6வி6 பவர் ட்யூப், ஏசியை டிசியாக்க ஜிஇசட்34 ரெக்டிஃபையர் ட்யூப், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். ரிவெர்ப், ட்ரெமொலோ இரண்டும் உண்டு. பல வருடமாக இதில்தான் வாசிக்கிறேன். சில மாதங்களாக ஒரு இரைச்சல். ஆன் செய்து ட்யூப் சூடானதும் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்து அப்படியே நிற்கிறது. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் போவதில்லை, கிதார் வயரைப் பிடுங்கினாலும் போவதில்லை.

பழுது பார்க்கக் கொடுக்கலாம் என்று நினைக்கும்போதே இன்னொரு யோசனையும் வந்தது. இத்தோடு இதை விற்றுவிட்டு ஒரு ஃப்ளோர் மாடலர், அதாவது ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலில் போலச் செய்யும் தரைப்பெட்டி, வாங்கிவிட்டால் என்ன?

நான் வாசிப்பது மூன்று இடத்தில். ராத்திரி வீட்டில், மற்றவர்கள் தூங்கிய பிறகு. வாரம் ஒருமுறை ட்ரம்மர், பேஸ் இருவரோடும் பயிற்சி. எப்போதாவது மேடை. வீட்டில் வால்யூம் 2-ஐத் தாண்ட முடியாது. அந்த அளவில் ஒலி சுத்தமாகத்தான் இருக்கிறது, உயிர்தான் இல்லை. எனக்குப் பிடித்தது 5-க்கும் 6-க்கும் நடுவில் கிடைப்பது: மெதுவாகத் தொட்டால் தெளிவு, அழுத்தி அடித்தால் ஓரத்தில் ஒரு கரகரப்பு. அதைப் பயிற்சி அறையில் மட்டும்தான் கேட்க முடிகிறது.

நண்பரின் மாடலரை இரவல் வாங்கி ஹெட்ஃபோனில் வாசித்துப் பார்த்தேன். என் ஆம்பின் மாடலே அதில் இருந்தது. முதலில் ஆச்சரியம்தான், நள்ளிரவில் 6-ல் வைத்த ஒலி காதுக்குள்! ஆனால் கேட்கக் கேட்க ஏதோ இடித்தது. மேலே ஒரு 'ஸ்ஸ்ஸ்'. கார்டு அடித்தால் ஒலி வருகிறது, ஆனால் நெஞ்சில் படவில்லை. அதே மாடலரை என் காம்போவின் முன்பக்க இன்புட்டில் சொருகியும் பார்த்தேன். அது இன்னும் மோசம், மொத்தமாக மூடிப்போன ஒலி.

இந்த வித்தியாசம் ட்யூபால் வருவதா, வேறு எதனாலாவதா? ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் எதை வைத்துக்கொள்வது?

அப்புறம் இன்னொன்று. ஆம்பின் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு அந்த சாக்கெட்டிலிருந்து நேராக ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) கொடுத்தால் சத்தமே இல்லாமல் பதிவு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பத்தில் வை:

ப்ரோ, விற்காதீர்கள்! பிறகு ரொம்ப வருத்தப்படுவீர்கள்.

ட்யூப் என்றால் ட்யூப்தான். ட்யூப் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் (ஸ்வரத்தின் 2, 4 மடங்கு அதிர்வெண்கள்) தரும், அது காதுக்கு இனிமை. டிஜிட்டல் ஒற்றைப்படை தரும், அது காதைக் குத்தும். இதுதான் விஷயம். உங்கள் காதே 'ஸ்ஸ்ஸ்' என்று பிடித்துவிட்டது பாருங்கள். ஒன்றும் பூஜ்யமுமாக வெட்டிய ஒலி மறுபடி முழுசாக ஒட்டாது.

இரைச்சலா, ட்யூபை மாற்றுங்கள், வால்யூமைப் பத்தில் வையுங்கள், அண்டை வீட்டுக்காரரைக் காட்சிக்குக் கூப்பிடுங்கள்.

சால்டர்புகை:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து. செய்யவே கூடாது, தம்பி. ட்யூப் ஆம்பின் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எதிரே ஒரு லோடு இருந்தாக வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். ட்யூப் சாக்கெட்டில் பொறி பறக்கும், சுற்றின் இன்சுலேஷன் ஓட்டையாகும். மறுமுனையில், 22 வாட்டை 8 ஓமுக்குத் தள்ளுகிற சாக்கெட்டில் 13 வோல்ட் இருக்கும். அதை வாங்கும் இன்டர்ஃபேஸ் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சத்தமில்லாமல் பதிவு செய்ய ஸ்பீக்கரின் இடத்தில் லோடாக நிற்கும் ரியாக்டிவ் லோடு பாக்ஸ் என்று தனியாக விற்கிறார்கள். அது நடுவில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் ஆம்ப் பழுது பார்ப்பவன். ட்யூப் ஆம்ப் கெட்டால்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் ட்யூபுக்குத்தான் கொடி பிடிப்பேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு ட்யூபுடையது அல்ல, ஸ்பீக்கருடையது. நீங்கள் ஒப்பிட்டது ட்யூபையும் டிஜிட்டலையும் இல்லை. அறையில் காற்றைத் தள்ளுகிற 12 அங்குலக் காகிதத்தையும், காதோரம் இருக்கும் ஹெட்ஃபோனையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

இரட்டைப்படைக் கதையை யார் ஆரம்பித்தாலும் எனக்குக் கை அரிக்கும். பத்தில் வை கோபித்துக்கொள்ளக் கூடாது. 1973-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ரஸ்ஸல் ஹாம் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இது பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. அவர் அதில் ஆராய்ந்தது மைக்ரோஃபோன் ப்ரீஆம்ப்களை (மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் கட்டம்), அவற்றை ஓவர்லோடு செய்து. கிதார் ஆம்ப் அதில் இல்லை. உங்கள் ஆம்பில் இருக்கும் இரண்டு 6வி6-உம் புஷ்-புல் முறையில், அதாவது ஜோடியாக எதிரெதிரே தள்ளியும் இழுத்தும், வேலை செய்பவை. புஷ்-புல்லில் அந்த நிலையில் பிறக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது ஒற்றைப்படைதான். ப்ரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 இரட்டைப்படை தரும், உண்மை. ஆக ஒரே ஆம்புக்குள் இரண்டும் இருக்கிறது. 'ட்யூப் = இரட்டை, டிஜிட்டல் = ஒற்றை' என்று பங்கு பிரிக்க முடியாது.

ஸ்பீக்கர் எவ்வளவு பெரிய ஆள் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1962-ல் லண்டனில் மார்ஷல் கம்பெனியின் ஜேடிஎம்45 ஆம்ப் உருவானபோது, அதன் சர்க்யூட் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பேஸ்மேன் ஆம்பின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்தது. சில உதிரிகள் மாறின, முதல் ட்யூப் 12ஏஒய்7-க்குப் பதில் ஈசிசி83 ஆனது, ட்ரான்ஸ்ஃபார்மர் வேறு. ஆனால் பெரிய மாற்றம் எது? பேஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர். மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலெஸ்டியன். ஒன்று அமெரிக்க ஒலி, மற்றது பிரிட்டிஷ் ஒலி என்று இன்றைக்கும் பிரித்துப் பேசுகிறோம், சர்க்யூட் படத்தை அருகருகே வைத்தால் ஆறு வித்தியாசம் கண்டுபிடி போட்டி மாதிரி இருக்கும்.

இப்போது உங்கள் 'ஸ்ஸ்ஸ்'. கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சடாரென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் உச்சியில் இருக்கும் குப்பையை அதுதான் வடிகட்டுகிறது. மாடலரில் அந்த வேலையை ஐஆர், அதாவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிற கோப்பு செய்கிறது. ஒரு கேபினெட், அதன் முன் ஒரு மைக், அந்த மைக் நின்ற இடம், மூன்றும் சேர்ந்த அளவீடு அது. கோனின் நடுவில் மூடி இருக்கிறதே, மைக் அதற்கு நேரே நின்றிருந்தால் ஒலி கூர்மை, ஓரத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தால் மிருது. உங்கள் வாழ்நாளில் என்றைக்காவது காதை ஸ்பீக்கர் துணியில் ஒட்டவைத்து வாசித்திருக்கிறீர்களா? ஹெட்ஃபோனில் கேட்டது அதைத்தான். ஐஆரை மாற்றுங்கள், உச்சியை வெட்டும் ஹை-கட்டை 6,000-லிருந்து 7,000 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது வையுங்கள், பாதி 'ஸ்ஸ்ஸ்' போய்விடும்.

காம்போவின் இன்புட்டில் சொருகியபோது மூடிப்போனது ஏன் என்பதும் இதனால்தான். ஆம்புக்குள் இன்னொரு ஆம்ப், ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கர். மாடலரில் ஆம்ப், கேப் இரண்டு பிளாக்கையும் அணைத்துவிட்டு எஃபெக்ட் மட்டும் விட்டிருந்தால் அது சாதாரணப் பெடல்போர்டாக வேலை செய்திருக்கும்.

என் மேஜையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். ஒரே ஸ்பீக்கரை ட்யூப் ஆம்புக்கும் மாடலரின் பவர் ஆம்புக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். எந்தப் பக்கம் ஸ்பீக்கர் இல்லையோ அந்தப் பக்கம் டம்மி லோடு. முக்கியமான வேலை, இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்து சமப்படுத்துவது. ஒரு டெசிபெல் கூட இருந்தாலும் சத்தமாக இருப்பதுதான் 'உயிருள்ள' ஆம்ப் என்று எல்லாரும் சொல்வார்கள். ட்யூபுக்காகச் சண்டை போட வருகிறவர்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, கார்டு அடிக்கச் சொல்லி, ஸ்விட்சைத் தட்டுவேன். கார்டு மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறவரை பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். கிதாரின் வால்யூம் குமிழை 10-லிருந்து 6-க்கு இறக்கி, விரல் நுனியால் மெதுவாக, பிறகு பிக்கால் ஓங்கி என்று வாசிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். அங்கே உண்மையான வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

அது எங்கிருந்து வருகிறது? இரண்டு இடம். ஒன்று, உங்கள் ஜிஇசட்34. ஓங்கி ஒரு கார்டு விழுந்ததும் பவர் ட்யூப்கள் கரன்ட்டை இழுக்கும், ரெக்டிஃபையர் தரும் வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து மறுபடி ஏறும். நோட்டின் தலை அமுங்கி உடல் பொங்குகிற அந்தத் தொய்வை ஸாக் என்பார்கள். இன்னொன்று, ட்யூப் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கான தடை) அதிகம். ஸ்பீக்கரில் '8 ஓம்' என்று எழுதியிருப்பது பேருக்குத்தான். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது சொந்தமாக அதிரும் இடத்தில் பல மடங்கு ஏறும், 1,000-க்கு மேலேயும் ஏறிக்கொண்டே போகும். ஏறுகிற இடத்திலெல்லாம் ட்யூப் ஆம்ப் வோல்டேஜையும் ஏற்றிக் கொடுக்கும், அதனால் அடியும் உச்சியும் தாமாகவே தூக்கலாகும். ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப் ஸ்பீக்கரின் கழுத்தைப் பிடித்து வைத்திருக்கும், விடாது. இன்றைய நல்ல மாடலர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தே எழுதப்படுகின்றன. 1998-ல் லைன் 6-இன் பாட் என்ற மாடலர் வந்தபோதிருந்த நிலைமை வேறு, 2006-ல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015-ல் ஹீலிக்ஸ் எல்லாம் வந்துபோன பிறகு இன்றைய நிலைமை வேறு.

டிஜிட்டலுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்டார்ஷன் புதுப்புது ஹார்மோனிக்ஸை உற்பத்தி செய்யும். நொடிக்கு 48,000 முறை அளவெடுக்கிற கருவியில் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லை, அதைத் தாண்டியது மடிந்து கீழே விழும். 40,000-ல் இருக்க வேண்டியது 8,000-ல் வந்து நிற்கும், ஸ்வரத்தோடு சம்பந்தமே இல்லாமல். சோதிக்க வேண்டுமா? கெயினை நன்றாக ஏற்றி முதல் தந்தியில் 15-வது ஃபிரட்டுக்கு மேல் பிடித்து மெதுவாக பெண்ட் செய்யுங்கள். நோட்டு மேலே போகும்போது பின்னால் ஏதாவது கீழே வழுக்கிக்கொண்டு வந்தால் அதுதான் ஏலியாஸிங். ஓவர்சாம்ப்ளிங், அதாவது உள்ளே இன்னும் பல மடங்கு அடிக்கடி அளவெடுப்பதை, சரியாகச் செய்த கருவியில் கேட்காது. வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், விளம்பரத்தை விட நம்பகமானது.

கன்சோல் காது:

சால்டர்புகை அண்ணன் மேஜையிலிருந்து சொன்னார், நான் மிக்ஸர் பக்கமிருந்து சொல்கிறேன். எனக்கு உங்கள் பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா சில்லு இருக்கிறதா என்பதில் அக்கறையே இல்லை. அரங்கத்துக்குப் போகும் ஒலியில் அக்கறை.

12 அங்குல ஸ்பீக்கர் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் டார்ச் வெளிச்சம் போல நேர்க்கோட்டில்தான் எறியும். காம்போ தரையில், உங்கள் காது அதற்கு ஐந்தடி உயரத்தில். உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், ட்ரெபிளை ஏற்றுவீர்கள். முன்வரிசையில் நேர் எதிரே உட்கார்ந்தவர் காதைப் பொத்திக்கொள்வார். ட்யூப் ஆம்ப்காரர்களோடு எனக்கு வரும் சண்டையில் பாதி இதுதான். ஆம்பைப் பின்னால் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள், எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

மாடலர்காரர்களோடு சண்டை வேறு மாதிரி. வீட்டில் மெல்லிய சத்தத்தில் ப்ரீசெட் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) செய்து கொண்டுவருவார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடியும் உச்சியும் குறைவாகத்தான் கேட்கும், 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் வரைபடம் போட்டுக் காட்டிய சங்கதி. அதனால் இரண்டையும் ஏற்றி வைத்திருப்பார்கள். மேடைச் சத்தத்தில் அதைத் திறந்தால் கீழே பேஸ் கிதாரோடு மோதும், மேலே சிம்பலோடு மோதும், நடுவில் கிதாரே இருக்காது. ப்ரீசெட்டை ஒருமுறையாவது உரத்த சத்தத்தில் வைத்துத் திருத்துங்கள். 80-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் அடியை வெட்டும் ஒரு லோ-கட், மிட்டைக் குறைக்காதீர்கள், அது போதும். ப்ரீசெட்டுகள் எல்லாம் ஒரே சத்தத்தில் இருப்பது ரொம்ப முக்கியம். சோலோவுக்கு மாற்றியதும் காணாமல் போகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

மற்றபடி மாடலரிலிருந்து நேர் வயர் வந்தால் எனக்கு நிம்மதி. மைக்கை யாரோ காலால் தட்டிவிட்டார்கள் என்ற பேச்சே கிடையாது. ஒலிச்சோதனையில் கேட்டதுதான் நிகழ்ச்சியிலும் வரும். ஒரே நிபந்தனை, உங்களுக்கு நீங்களே கேட்க இயர் மானிட்டரோ, தன் நிறம் சேர்க்காமல் ஒலியைத் தரும் ஒரு எஃப்ஆர்எஃப்ஆர் ஸ்பீக்கரோ வேண்டும். அது இல்லாமல் வந்து நின்று 'எனக்கு என்னையே கேட்கவில்லை' என்றால் நான் என்ன செய்ய?

ராத்திரி ரிஃப்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்பீக்கர் வயரை நான் தொடவில்லை, இனி தொடவும் மாட்டேன்.

ஐஆரை மாற்றி ஹை-கட்டை 6,500-ல் வைத்துப் பார்த்தேன். 'ஸ்ஸ்ஸ்' உண்மையிலேயே போய்விட்டது. ஆனால் 'நெஞ்சில் படவில்லை' என்பது அப்படியே இருக்கிறது. லேட்டன்சி என்கிறார்களே, அதுவா? விரல் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் இடைவெளி?

இரைச்சலைப் பற்றி: ரிவெர்ப் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினாலும் மாறவில்லை. ஃபோனில் ட்யூனரை வைத்துப் பார்த்தேன், 'ஜி' என்று காட்டுகிறது, ஆனால் 35 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதலாக. இரைச்சலுக்கும் ஸ்ருதி உண்டு என்பதே வேடிக்கையாக இருந்தது.

சால்டர்புகை:

தம்பி, அந்த 35 சென்ட்டில்தான் நோயே இருக்கிறது, நல்ல வேலை செய்தீர்கள். ஆறாவது தந்தி மூன்றாவது ஃபிரட் 'ஜி' 98 ஹெர்ட்ஸ். அதற்கு 35 சென்ட் மேலே என்றால் 100. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ரெக்டிஃபை செய்தால் இரட்டிப்பாகி 100. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்க்காரர்களுக்கு 120 வரும், அது 'பி'-க்குக் கீழே. ஒரு சந்தேகம் தீர வேண்டும்: 50 ஹெர்ட்ஸும் 'ஜி'தான், ஒரு ஸ்தாயி கீழே. மூன்றாவது ஃபிரட்டை வாசித்து இரைச்சலோடு ஒப்பிடுங்கள். அதே ஸ்தாயி என்றால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும், அல்லது இரண்டு 6வி6-இல் ஒன்று தளர்ந்து ஜோடி பொருந்தாமல் போயிருக்கும். புஷ்-புல்லில் இரண்டும் சமமாக இழுத்தால்தான் பவர் சப்ளை இரைச்சல் ட்ரான்ஸ்ஃபார்மரில் ரத்தாகும். திறந்த தந்தியை விடக் கீழே கேட்டால் ஹீட்டர் வயரிங் அல்லது கிரவுண்ட், அது வேறு கதை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கண்டென்சர் என்றே தோன்றுகிறது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு 15, 20 வருடம் ஆயுசு, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். மாற்றுவது எனக்கு ஒரு பிற்பகல் வேலை. நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஒன்று மட்டும் பார்க்கலாம்: விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். பவர் ட்யூபின் கண்ணாடிச் சுவரில் நீலமாக மினுங்கினால் பயமில்லை, அது சகஜம். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சாகத் தெரிவதும் சரி. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்து கனன்றால் உடனே அணையுங்கள், ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

லேட்டன்சி இல்லை. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். உங்கள் காம்போவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலே 9 மில்லிசெகண்ட் தாமதம், அதைக் குறை சொன்ன கிதார்காரரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலான மாடலர்கள் 5-க்குள் முடித்துவிடும். வயர்லெஸ், கம்ப்யூட்டர் என்று வரிசையாகச் சேர்த்தால்தான் அது தெரிய ஆரம்பிக்கும். நெஞ்சில் படாததற்குக் காரணம், ஹெட்ஃபோன் நெஞ்சில் இல்லை என்பதுதான். கிதாரின் உடலை ஒலி திருப்பி அதிரச் செய்வதும் அதில் நடக்காது, நோட்டு நீண்டு நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு.

எதை வைத்துக்கொள்வது? என்னைக் கேட்டால் ஆம்பைப் பழுது பாருங்கள், விற்காதீர்கள். ட்யூப் உயர்வு என்பதற்காக இல்லை, அது சரி செய்யக்கூடிய பொருள் என்பதற்காக. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று இடத்தில் ட்யூப் இன்னும் தயாராகிறது. 2022-ல் ரஷ்ய ஏற்றுமதி சிக்கலானபோது தட்டுப்பாடு வந்தது, பிறகு சமாளித்தார்கள். சர்க்யூட் படம் ஒரே தாளில் அடங்கும். பழைய மாடலர் ஒன்றின் திரை போய்விட்டது என்று கொண்டுவருகிறார்கள், அந்தத் திரையை யாரும் இப்போது செய்வதில்லை. வருத்தத்தோடு திருப்பி அனுப்புகிறேன்.

ராத்திரிக்கு வேறு வழி இருக்கிறது. பழுது பார்த்த பிறகு உங்கள் ஆம்பையே கேப்சர் செய்யுங்கள், அதாவது அதன் ஒலியை டிஜிட்டல் நகலாக எடுங்கள். கெம்பர் கம்பெனி தொடங்கிவைத்த யோசனை அது, இன்றைக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சி அறையில் வால்யூமை 5-க்கும் 6-க்கும் நடுவில் வைத்து, ரிவெர்ப்பும் ட்ரெமொலோவும் முழுக்க அணைத்து, சில நிமிடச் சோதனை ஒலியை ஆம்புக்குள் விட்டு, வெளியே வருவதைப் பதிவு செய்ய வேண்டும். ரிவெர்ப் இருந்தால் அது குழம்பும். கிடைப்பது அந்த ஒரு குமிழ் நிலைக்கான ஆம்ப் மட்டும்தான். பிறகு திரையில் ட்ரெபிளைத் திருப்பினால் திரும்புவது உங்கள் ஆம்பின் ட்ரெபிள் இல்லை. அதனால் 4-ல் ஒன்று, 6-ல் ஒன்று என்று எடுத்து வையுங்கள். இன்டர்ஃபேஸில் கிதாரைச் சொருகும்போது இன்ஸ்ட்ருமென்ட் ஸ்விட்சை மறக்காதீர்கள். கிதாருக்கு எதிரே ஒரு மெகாஓம் வேண்டும், லைன் இன்புட்டில் போட்டால் உச்சி முழுக்க அங்கேயே செத்துவிடும்.

பத்தில் வை:

இரட்டைப்படையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் முழுசாகச் சரணடைய மாட்டேன். 2019-ல் ஃபெண்டரே தன் டீலக்ஸ் ரிவெர்ப்பை டோன் மாஸ்டர் என்று டிஜிட்டலில் செய்தது. அதில் எத்தனை வாட் பவர் ஆம்ப் வைத்தார்கள் தெரியுமா? 100! 22 வாட் ட்யூபுக்கு ஈடு கொடுக்க 100 வாட் வேண்டியிருக்கிறது. ட்யூப் வாட் என்றால் சும்மாவா?

சால்டர்புகை:

வாட்டில் ஜாதி இல்லை. ட்யூப் ஆம்பின் 22 என்பது ஒலி உடையாமல் சுத்தமாக இருக்கும் வரையிலான கணக்கு. அதை மீறி அழுத்தினால் அலை சதுரமாகும், சதுர அலையில் அதே உயரத்துக்கு இரட்டிப்பு சக்தி. பத்தில் வைத்தால் 22 வாட் ஆம்ப் 40-ஐ நெருங்கும், அந்த உடைசலைத்தான் நாம் டோன் என்கிறோம். டிஜிட்டல் பவர் ஆம்ப் உடைந்தால் கேட்கச் சகிக்காது. உடைசல் எல்லாம் மாடலுக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும், பவர் ஆம்ப் எந்த நேரத்திலும் மூச்சு வாங்கக் கூடாது. அதற்காகத்தான் 100. அத்தனையும் சேர்ந்தே ட்யூப் வடிவத்தின் எடை 19 கிலோ, இது பத்தரை கிலோவுக்குள். நியோடிமியம் காந்த ஸ்பீக்கரும் அதற்கு ஒரு காரணம்.

தம்பிக்கு இதில் ஒரு பாடம் உண்டு: காம்போவில் என்றைக்காவது ஸ்பீக்கர் மாற்றினால் '22 வாட் ஆம்புதானே' என்று 25 வாட் ஸ்பீக்கர் போடாதீர்கள். 50 போடுங்கள்.